பிறந்த தேதியை முதலில் கேட்பேன்

பிள்ளை மந்தமாக இருக்கிறான், வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், தொட்டதற்கெல்லாம் அழுகிறாள் என்று எந்த அம்மா வந்து சொன்னாலும் நான் முதலில் பிறந்த தேதியைத்தான் கேட்பேன். எந்த வருஷம், எந்த மாதம் என்று தெரிந்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும். மீதிக்குத்தான் நோட்டையும் புத்தகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பெங்களூரு அல்சூரில் (ஹலசூரு) பல வருஷமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பள்ளியில் இருந்தவரை ஒரு வகுப்புப் பிள்ளைகளை மட்டும்தான் பார்த்தேன். இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் ஹாலில் யூகேஜியிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே பாயில் உட்காருவார்கள். ஜோகுபாளையம், மர்ஃபி டவுன், கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம். ஐந்து வயதும் பதினைந்து வயதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வயது ஒரு பிள்ளையிடம் என்னென்ன வேலை செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

ஒரே வகுப்பில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே வயது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்க்கைக்கு ஜூன் 1 கெடு என்றால், ஜூன் 2-ஆம் தேதி பிறந்தவனும் அடுத்த வருஷம் மே 30-ஆம் தேதி பிறந்தவளும் ஒரே வகுப்புக்கு வருவார்கள். ஒன்றாம் வகுப்பு தொடங்கும் நாளில் அவனுக்கு ஏழு வயது நிறையப் போகிறது, அவளுக்கு இப்போதுதான் ஆறு. நமக்கு முப்பதும் முப்பத்தொன்றும் ஒன்றுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அது இதுவரை வாழ்ந்ததில் ஆறில் ஒரு பங்கு. அந்த ஒரு வருஷத்தில் அவன் எத்தனை வார்த்தை கூடக் கேட்டிருப்பான், எத்தனை முறை விழுந்து எழுந்திருப்பான், எத்தனை தடவை கோபத்தை அடக்கிப் பழகியிருப்பான்! அவ்வளவையும் விட்டுவிட்டு ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்து, ஒரே ரேங்க் கார்டு போடுகிறோம்.

எங்கள் அப்பா காலத்தில் ஊரில் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டெல்லாம் யாரும் போனதில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமை ஆசிரியர். தொட்டால் சேர்த்துக்கொள்வார், எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பிவிடுவார். பள்ளி திறக்கும் மாதத்துக்குத் தோதாக அவரே ஒரு தேதியையும் போட்டுவிடுவார். அந்தத் தலைமுறையில் இவ்வளவு பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு நியாயம் இருந்தது. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை நீண்டு காதுக்கு எட்டும். காலண்டரைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்து, இந்தப் பிள்ளை தயாரா என்று கேட்ட முறை அது. இன்றைக்கு நமக்குச் சான்றிதழ் இருக்கிறது, தேதி சரியாகத் தெரிகிறது. பிள்ளை தயாரா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கர்நாடகத்தில் இந்த விஷயம் சில வருஷங்களாகவே சூடாக இருக்கிறது. ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்று 2022-ல் அரசு உத்தரவு போட்டது. அப்புறம் அதை 2025-26 கல்வியாண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த வருஷமும் வந்தது. யூகேஜி முடித்த பிள்ளைகளை மறுபடியும் யூகேஜியிலேயே உட்கார வைப்பதா என்று பெற்றோர்கள் குரல் கொடுக்க, 2025 ஏப்ரலில் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 5 வயது 5 மாதம் போதும் என்று தளர்த்தினார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்வதும் 6 வயதுதான். கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23-லேயே 6 வயதுக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டிலோ 5 வயதில் ஒன்றாம் வகுப்பு. அதனால் வேலூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலை மாறி இங்கே வரும் குடும்பங்கள் திண்டாடிப் போகின்றன. ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இங்கே வந்து தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு மூன்றாம் வகுப்பில் உட்காருகிறது. அம்மாக்களுக்கு இது பெருமையாக இருக்கிறது. பிள்ளைக்கு என்னவாக இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்க வேண்டும்.

நான் சொல்வது என் ஹாலில் பார்த்ததை மட்டும் வைத்து அல்ல. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூய் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பல நாட்டுப் பிள்ளைகளின் கணிதம், அறிவியல் மதிப்பெண்களை வைத்து 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நான்காம் வகுப்பில், அந்த வகுப்பின் மிக இளைய பிள்ளைகள் மிக மூத்த பிள்ளைகளைவிட 4 முதல் 12 சதமானம் (பெர்சென்டைல், அதாவது நூறு பேரை வரிசைப்படுத்தினால் வரும் இடம்) வரை பின்னால் இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது 2 முதல் 9 சதமானமாகக் குறைந்திருந்தது. குறைந்ததே தவிர மறையவில்லை. சின்னப் பிள்ளை பின்தங்கியது அறிவுக் குறைவால் அல்ல, வயது குறைவு என்பதால்தான். ஆனால் ரெண்டு வருஷம், மூன்று வருஷம் “நீ மக்கு” என்று கேட்டே வளர்ந்துவிட்டால் வயது ஏறிய பிறகும் அந்தப் பேச்சு போவதில்லை. எனக்கு வருத்தம் இதில்தான்.

முதலில் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். நாலு கோடு நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தி எழுதி, அரைப் பக்கத்திலேயே “கை வலிக்குது மிஸ்” என்பார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டுவோம். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு. வயது ஏற ஏற ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். ஐந்து வயதில் அவற்றில் சில இன்னும் குருத்தெலும்புதான், கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே 8 முதல் 12 வயது ஆகிவிடும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் யூகேஜியில் கர்சிவ் எழுதச் சொல்கிறோம்.

வகுப்பில் இளைய பிள்ளைகளுக்கு நான் எழுத்து வேலையைக் குறைத்துவிட்டு விரலுக்கு வேலை கொடுப்பேன். சிலேட்டைச் சுவரில் சாய்த்து வைத்துப் பெரிது பெரிதாக எழுதச் சொல்வேன். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி என்றால் அவரைக்காய்க் காலம். ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் பிதுக்கி எடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் பருப்பு எகிறிக் குதிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே ரெண்டு விரல்தான். கோலப்புள்ளி வைப்பது, சட்டைப் பட்டன் போடுவது, மல்லிப்பூ கட்டப் பழகுவது எல்லாமே இந்தக் கணக்கில் வரும். எழுதச் சொல்லி அடிப்பதைவிட இதற்குப் பலன் அதிகம் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

சரி, கைக்குத்தான் வயது என்றில்லை, யோசனைக்கும் இருக்கிறது. எந்த வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். ஒரே மாதிரி ரெண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ரெண்டும் சமமா என்று கேட்டு, ஆமாம் என்று சொல்லவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதன் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான டபராவில் ஊற்றுங்கள். எதில் தண்ணீர் அதிகம் என்று கேளுங்கள்.

என் டியூஷனில் யூகேஜி படிக்கும் ஒரு பெண் கொஞ்சமும் யோசிக்காமல் டம்ளரைக் காட்டினாள். “இதுலதான் மேல வரைக்கும் இருக்கு.” மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் அக்கா சிரித்துவிட்டாள். “லூசு, அதே தண்ணிதானே!” தங்கச்சி விடவில்லை. மறுபடி டம்ளரில் ஊற்றிக் காட்டியதும் “இப்ப சமம்” என்றாள். டபராவில் ஊற்றியதும் “இப்ப குறைஞ்சிடுச்சு” என்றாள். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. தங்கை வேண்டுமென்றே அடம்பிடிப்பதாகத்தான் அவள் நினைத்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவிடமும் இதையே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவளும் டம்ளரைத்தான் காட்டினாள். அது அவளுக்கு ஞாபகமே இல்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்து காட்டிய பிரபலமான சோதனை இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதை ஒட்டித்தான் “வடிவம் மாறினாலும் அளவு மாறாது” என்பது பிடிபடுகிறது. சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். பிடிபடாத வயதில் நாம் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளை நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்லுமே தவிர அதற்குப் புரிந்திருக்காது.

கடன் வாங்கிக் கழித்தலிலும் இதே கதைதான். 52-ல் 27 போனால் எவ்வளவு? “ரெண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று காலம் காலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாம் வகுப்பில் வயதில் சின்னவனான ஒருவன் என்னிடம் ரொம்ப சீரியஸாக, “கடன் வாங்கினா திருப்பித் தர வேணாமா மிஸ்?” என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி. 52 என்பது ஐந்து பத்தும் ரெண்டு ஒன்றும் சேர்ந்தது, அதையே நாலு பத்தும் பன்னிரண்டு ஒன்றுமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று புரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். டபராத் தண்ணீரும் டம்ளர்த் தண்ணீரும் ஒன்று என்று புரிவதும் இதுவும் ஒரே புத்திதான். நான் அந்தக் கணக்கை அத்தோடு நிறுத்திவிட்டேன். பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய்க் காசு வாங்குகிற விளையாட்டை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டோம். தசரா லீவு முடிந்து திரும்பி வந்தபோது அவனே சிலேட்டில் போட்டுக் காட்டினான். ஆகஸ்டில் அவனை உட்கார வைத்துப் பிழிந்திருந்தால் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளையாகியிருப்பான்.

வயதுக் குறைவு படிப்பில் மட்டும் நின்றுவிடுவதில்லை. குணத்தின் மேலும் பழி விழுகிறது. வகுப்பில் எழுந்து எழுந்து ஓடுபவன், முறை வரும்வரை காத்திருக்கத் தெரியாதவன், சொன்னதைப் பாதியில் மறப்பவன் என்று பட்டியல் போட்டால் வகுப்பின் இளைய பிள்ளைகள் அதில் நிறைய இருப்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அங்கே சேர்க்கைக் கெடு டிசம்பர் 31, அதனால் டிசம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பில் இளையவர்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) என்று முடிவு கட்டப்படுவது 30 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். பிறந்த மாதத்தைப் பார்த்தா நோய் வரும்? வகுப்பில் மூத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்த வித்தியாசம் அது.

இதைக் கேட்டுவிட்டு ஏடிஹெச்டி என்பதே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கிறது, அதற்கு நல்ல சிகிச்சையும் இருக்கிறது. நம் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே காட்டுங்கள். ஆனால் வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிடாமல், அதே மாதத்தில் பிறந்த தெருப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். பள்ளியில் “இவன் அடங்க மாட்டான்” என்று சொன்ன பையன், ஒரு வகுப்பு கீழே படிக்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு மைதானத்தில் வெகு சாதாரணமாக விளையாடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மூத்த பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் நடக்கிறது. ஜூனில் கிளாஸ் லீடரைத் தேர்ந்தெடுக்கும்போது உயரமாக, கணீரென்று பேசுகிற பிள்ளையைத்தான் டீச்சர் கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிட அதன் தைரியம் வளரும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பார்த்த ஒரு ஆய்வில் வகுப்பின் மூத்த பிள்ளைகள் அணித் தலைவர்களாகவோ சங்கத் தலைவர்களாகவோ வருவது 4 முதல் 11 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆசிரியர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது, லீடரை வாராவாரம் மாற்றுங்கள். மே மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு வாரம் கிடைக்கட்டும்.

எட்டிலிருந்து பத்து வயது வரை எனக்கு ரொம்பப் பிடித்த பருவம். நியாயம், அநியாயம் என்பது உடம்பெல்லாம் கொதிக்கிற வயது. “மிஸ், அவன் என் ரப்பரை எடுத்தான்”, “மிஸ், அவளுக்கு மட்டும் ரெண்டு ஸ்டார் போட்டீங்க” என்று புகார் ஓயாது. கோள் சொல்கிறார்கள் என்று அதட்டினால் அடுத்த தடவை உண்மையிலேயே சொல்ல வேண்டியதையும் சொல்ல மாட்டார்கள். ஐந்து வயதில் விதி என்றால் பெரியவர்கள் வைத்தது, மாற்றக் கூடாதது. பத்து வயதை நெருங்கும்போது விதி என்பது நாமே சேர்ந்து பேசி வைத்துக்கொள்வது என்று புரிகிறது. கோலி விளையாடும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு பியாஜே இதையும் எழுதியிருக்கிறார். என் ஹாலில் யார் எங்கே உட்காருவது, யாருடைய நோட்டை முதலில் திருத்துவது என்ற விதிகளை இந்த வயதுப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் “சின்னப் பசங்களுக்குத் தூக்கம் வந்துடும், அவங்களுக்கு முதல்ல” என்று முடிவு செய்தார்கள். நான் வைத்த எந்த விதியையும் இவ்வளவு ஒழுங்காக அவர்கள் மதித்ததில்லை.

இந்த வயதில்தான் படிப்பும் திசை மாறும். அதுவரை படிக்கக் கற்றுக்கொண்டவர்கள், இனிமேல் படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். மூன்றாம் வகுப்புவரை முதல் மார்க் வாங்கிய பிள்ளை நான்காம் வகுப்பில் சமூக அறிவியலில் திடீரென்று இறங்கினால், சத்தமாகப் படிக்கத் தெரிகிறது, அர்த்தம் பிடிபடவில்லை என்று பொருள். பாடத்தை வீட்டு மொழியில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று உடனே தெரியும்.

மொழி விஷயத்தில் வயதைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. சின்னக் குழந்தை எந்த மொழியையும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், பெரிய பிள்ளைக்குக் கஷ்டம் என்பார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு அக்காவையும் தம்பியையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அக்காவுக்கு பன்னிரண்டு, தம்பிக்கு ஐந்து. ரெண்டு பேருக்கும் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அக்காதான் முதலில் தேறினாள். தமிழ் எழுத்து நன்றாகத் தெரிந்தவள், உயிர், மெய், உயிர்மெய் என்ற அமைப்பு கன்னடத்திலும் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். தமிழில் ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் இங்கே நாலு இருக்கிறது என்று தானே அட்டவணை போட்டு வீட்டுச் சுவரில் ஒட்டினாள். தம்பி பல மாதம் பள்ளியில் வாயே திறக்கவில்லை. பள்ளியில் பயந்து போனார்கள், பிள்ளைக்குப் பேச்சில் ஏதோ குறை என்றுகூடச் சொன்னார்கள். அப்புறம் கிரிக்கெட் ஆடப் போன இடத்தில் பேசத் தொடங்கினான். இன்றைக்கு அவன் கன்னடத்தைக் கேட்டால் தமிழ்ப் பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்காவின் கன்னடத்தில் வாணியம்பாடி இன்னும் இருக்கிறது.

நெதர்லாந்துக்குப் போய் டச்சு கற்ற ஆங்கிலக்காரர்களைப் பற்றி 1978-ல் வந்த ஒரு ஆய்விலும் இதேதான். முதல் மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்னால்தான் இருந்தார்கள். ஆகவே ஊர் மாறி வந்திருக்கும் பெற்றோர்களே, ஐந்து வயதுப் பிள்ளை பேசாமல் இருந்தால் பதறாதீர்கள். அது கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அக்காவுக்குக் கை கொடுத்ததே அவளுடைய தமிழ் எழுத்துதான்.

வகுப்புக்கு வயது குறைந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வயது கூடியவர்களின் நிலைமை இதைவிடக் கொடுமையானது. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வரும் குடும்பங்களில் பிள்ளைகள் ஊருக்கு ஊர் மாறி, வருஷக்கணக்கில் பள்ளியையே பார்க்காமல் இருப்பார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 4-ஆம் பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்க தனிப் பயிற்சியும் தர வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனைக் கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. பள்ளியில் மறுத்தால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த வயதில் ஒரு பையன் என்னிடம் வந்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தை எடுத்து வைத்தபோது, பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த நாள் வரவில்லை. அவனுக்குத் தெரியாதது எழுத்து மட்டும்தான். மேஸ்திரியிடம் கூலி பேசத் தெரியும், தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளத் தெரியும், சிலிண்டர் மாட்டத் தெரியும். அவனிடம் போய் அ, அணில் என்றால் கேட்பானா? ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டு, சிமெண்ட் மூட்டையில் இருக்கும் எழுத்திலிருந்து ஆரம்பித்தோம். அப்புறம் ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷன் போர்டு, பஸ் போர்டு, அவன் அப்பா போனில் வரும் மெசேஜ். கணக்கை அவன் வாயாலேயே போடுவான், எழுதத்தான் வராது. எத்தனை செங்கல், ஒரு நடைக்கு எத்தனை என்று கேட்டு, அவன் சொன்ன விடையைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் போதும். வயதுக்கேற்ற விஷயமும் வாசிப்புக்கேற்ற எழுத்தும் சேர வேண்டும். விஷயத்தைக் குழந்தைத்தனமாக்கினால் வயது வந்த பிள்ளை எழுந்து போய்விடும்.

பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது நல்ல வழி. கர்நாடக அரசுப் பள்ளிகளின் நலி கலி முறையில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துக் கற்பதும் இந்த எண்ணத்தில்தான். சின்னதுக்கு அக்கா, அண்ணன் சொன்னால் ஏறும். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கும் பாடம் கெட்டிப்படும். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளையை நம் வேலைக்குச் சம்பளமில்லாத ஆளாக்கிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்ததும் எழுந்து தன் பாடத்துக்குப் போய்விட வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு ஆனதும் ஹாலில் உட்காரும் ஒழுங்கே மாறிவிடும். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ரெண்டு வருஷம் முன்னால் வருகிறது. ஏழாம் வகுப்பில் ஒரே வயதுப் பெண் ஒரு சாண் உயரமாக, மனதிலும் மூத்தவளாக இருப்பாள். பையன் இன்னும் பொம்மைக் காரைப் பையில் வைத்திருப்பான். ரெண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திக் “அவளைப் பார், எவ்வளவு பொறுப்பு” என்று சொல்வதால் அவனுக்கு எரிச்சல், அவளுக்குச் சுமை. இந்த வயதில் நான் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். மற்றவர்கள் எதிரில் மார்க்கைச் சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பிள்ளை திட்டை அஞ்சு நிமிஷத்தில் மறந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளை அடுத்த நாள் தோழிகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ராத்திரி முழுக்க யோசிக்கும்.

தூக்கமும் அப்படித்தான். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது, உடம்பே அப்படி மாறுகிறது. போனைப் பிடுங்கி வைத்தாலும் பதினோரு மணிக்குத்தான் கண் சொக்கும். இந்த ஊர் டிராஃபிக்கில் எட்டு மணிப் பள்ளிக்கு ஆறரைக்கே வேன் வந்து நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காலை டியூஷனுக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. வயது குறைவாக இருந்தால் ஒரு வருஷம் நிறுத்திவைக்கலாமா? கெடுவுக்கு ஒட்டிப் பிறந்த பிள்ளையாக இருந்து, வீட்டில் வசதிப்பட்டால் நிறுத்தலாம் என்பேன். தானாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறதா, பாத்ரூம் போக வேண்டும் என்று புது மனுஷரிடம் கேட்கிறதா, ஒரு கதையைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறதா, “செருப்பைக் கழற்றிவிட்டுப் பையை மேலே வை” என்று ரெண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெரிகிறதா என்பதைவிட எனக்கு இவை முக்கியம். நன்றாகத் தயாராக இருக்கும் பிள்ளையை மார்க்குக்காக இழுத்துப் பிடிப்பதில் லாபமில்லை. நார்வேயில் தாமதமாகப் பள்ளி சேர்ந்தவர்களை 18 வயதில் சோதித்தபோது அறிவுத் திறனில் அவர்களுக்கு எந்த ஆதாயமும் இருக்கவில்லை.

நிறுத்த முடியாத வீடுகள்தான் அதிகம். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு வருஷ ஃபீஸ் கூடக் கட்ட முடியாதவர்கள். அவர்களிடம் ஜூன் முதல் வாரத்திலேயே பள்ளி டைரியில் நாலு வரி எழுதி அனுப்பச் சொல்வேன். இவள் பிறந்த தேதி இது, வகுப்பிலேயே இளையவளாக இருக்கலாம், எழுதி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள், முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். எழுதி அனுப்பிய எந்த அம்மாவையும் எந்த டீச்சரும் கோபித்துக்கொண்டதாக நான் கேட்டதில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சருக்கு எல்லோருடைய பிறந்த மாதமும் ஞாபகம் இருக்காது, யாராவது சொன்னால்தான் தெரியும். போன வருஷம் இப்படி எழுதி அனுப்பிய ஒரு அம்மாவுக்கு அந்த டீச்சர், வகுப்பில் மார்ச்சுக்குப் பிறகு பிறந்த மற்ற பிள்ளைகளையும் தேடிப் பார்த்து முன்னால் உட்கார வைத்திருப்பதாக டைரியிலேயே பதில் எழுதியிருந்தார்.